யார்க்டவுனுக்கு வராத தளபதி

பாடத்தை எடுங்கன்னேன். எடுத்துட்டாங்க. ஒரு சத்தம் இல்லை. இன்டர்வெல் முடிஞ்சு உள்ள வர்ற ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு எப்படி இருக்கும்னு இந்தப் பள்ளிக்கூடத்துக்கே தெரியும், சந்தைக்கடை கெட்டுது போ, ஒருத்தன் வாய் நிறைய கடலைமிட்டாய், ஒருத்தி ஜடையை இன்னொருத்தி இழுத்துக்கிட்டு நிப்பா, நான் ஸ்கேலை மேசை மேல ரெண்டு தட்டு தட்டினாதான் அடங்கும். இன்னிக்கு தட்டவே இல்லை. அதுக்குள்ள எல்லாத் தலையும் குனிஞ்சு கிடக்கு. பயம்தான், வேறென்ன, என் மூஞ்சி இன்னிக்கு அப்படி இருக்கு போல. இருக்கட்டும். புஷ்பவல்லி டீச்சர் வராங்கன்னா வராந்தாவுல ஓடுற புள்ளை நின்னு நடக்கும், அது இன்னிக்கு நேத்து வந்த பேரா? 'அமெரிக்க சுதந்திரப் போர்'னு போர்டுல எழுதினேன். சாக்பீஸ் ரெண்டா உடைஞ்சுது. குனிஞ்சு எடுக்கலை. மேசை மேல போன் கிடக்கு, முகம் மேல பார்த்து. வகுப்புக்குள்ள ஆசிரியர்கள் போன் கொண்டுவரக் கூடாதுன்னு சர்க்குலர் வந்தப்ப அதை ஸ்டாஃப் ரூம்ல சத்தமா வாசிச்சவளே நான்தான். யாரு கேக்கப்போறா. இந்நேரம் டவுன் ஸ்டேஷன்ல என் பொண்ணு சுபாஷினி உட்கார்ந்திருப்பா, பக்கத்துல அவன். செவ்வாக்கிழமை ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்தைப் போட்டுட்டு நேரா போய் போலீஸ்ல பாதுகாப்பு கேட்டிருக்குதுங்க, யாருகிட்ட இருந்து? என்கிட்ட இருந்து. பெத்தவங்களை வரச்சொல்லி எழுதி வாங்கணுமாம். நான் போகலை. உடம்பு சரியில்லைன்னு சொல்லிடுடான்னு என் தம்பி தனவேலை அனுப்பிட்டு, இங்க வந்து பாடம் நடத்திக்கிட்டு நிக்கிறேன்.

"இங்கிலாந்து ஏன் வரி போட்டுச்சு? சொல்லுங்க பார்ப்போம்." ஒண்ணும் வாயைத் திறக்கலை. மண்ணு மாதிரி உட்கார்ந்திருக்குதுங்க. நானே சொன்னேன். ஏழாண்டுப் போர், பிரெஞ்சுக்காரங்களோட சண்டை, செலவு, அந்தச் செலவை ஈடுகட்ட முத்திரை வரி, தேயிலை வரி. புஸ்தகத்துல இங்கிலாந்தைத் திட்டித்தான் போட்டிருக்கு, நானும் வருஷா வருஷம் திட்டித்தான் நடத்துறேன், ஆனா ஒரு பேச்சுக்குக் கேக்குறேன், அந்தப் பக்கத்து நியாயத்தை ஒருத்தராவது எழுதினாங்களா? கடல் தாண்டிக் கொண்டுபோய்க் குடிவச்சது யாரு, எதிரி ஏறி மிதிக்க வந்தப்ப கப்பல் கப்பலா பட்டாளம் அனுப்பினது யாரு? தாய்நாடுன்னு சும்மாவா பேரு. இவளுக்கு டைபாய்டு வந்து கிடந்தப்ப நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டு, கஞ்சியை வடிகட்டி வடிகட்டி ஊட்டி, வாந்தி எடுத்ததைக் கையில ஏந்தினேன். எல்லாம் சரியாகி எழுந்து நடக்க ஆரம்பிச்சதும் எங்களுக்கு நீ வேண்டாம்னா அது என்ன நியாயம்? மாப்பிள்ளை பார்த்தேன். நல்ல இடம். பையன் தாசில்தார் ஆபீஸ். "என்னைக் கேக்காம எனக்கு எதுக்கு முடிவு பண்ணினேம்மா"ங்குறா. கேளு, கேளு, எப்படிப் பேசுது பாரு. எங்க ஆளு ஒருத்தரும் இல்லாத சபையில எங்க மேல வரி போட நீ யாருன்னு அந்தப் பதிமூணு குடியேற்றமும் கேட்டுச்சே, அதே கேள்வி. என் பாடத்தை எடுத்து என் தலையிலேயே போட்டா. அன்னிக்கே பல்லைத் தட்டிக் கையில கொடுத்திருக்கணும். விட்டுட்டேன்.

"செவ்வந்தி, எழுந்திரு. தேநீர் விருந்து, அதை வாசி." முதல் பெஞ்சு. நான்தான் அவளை முதல் பெஞ்சுக்கு மாத்தினேன், போன வாரம், விஷயம் தெரிஞ்ச அன்னிக்கே. அவன் சித்தப்பா மக. மணிமாறனோட சித்தப்பா மக. அந்த வீட்டு ரத்தம் ஒண்ணு என் கைக்கு எட்டுற தூரத்துல இருக்கட்டும்னு பட்டுது. ஒரு வாரமா தினம் அவதான் நிக்கிறா, அவதான் வாசிக்கிறா, தப்பு வந்தா அவதான் வெளிய போறா. முட்டி வலிக்கட்டும். அவளும் என்ன அழுத்தக்காரி, ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது, "சரி மிஸ்", "சரி மிஸ்", அவ்வளவுதான் பேச்சு. வாசிச்சா. பாஸ்டன் துறைமுகத்துல செவ்விந்தியர் மாதிரி வேஷம் போட்டுக்கிட்டு கப்பல்ல ஏறி தேயிலைப் பெட்டியை எல்லாம் கடல்ல கவிழ்த்தாங்க. நிறுத்தி நிறுத்தி, தெளிவா வாசிக்கிறா. இதே பாடத்தை இதே அறையில அந்த மணிமாறனும் வாசிச்சான், ரெண்டாவது பெஞ்சு, ஜன்னலோரம். பதிமூணு குடியேற்றத்தையும் மேப்புல அவன்தான் அழகா வரைவான். நான் ஒரு காலத்துலயும் காலனின்னு சொல்ல மாட்டேன், குடியேற்றம்னுதான் சொல்லுவேன், ஏன்னா காலனின்னா இங்க புள்ளைங்க எல்லாம் திரும்பி அவனைத்தான் பார்க்கும், ஏரிக்கரைக்கு அந்தாண்ட இருக்கிற அந்தத் தெருவுக்கு அதான் பேரு. பாவம்னு அந்த வார்த்தையைத் தவிர்த்தேன், அந்தப் பெருந்தன்மைக்குக் கிடைச்ச பரிசைப் பாரு. அவன் ஒருநாள் எழுந்து நின்னான். "மிஸ், எல்லா மனிதரும் சமம்னு எழுதினவங்க அடிமை வச்சிருந்தாங்களாமே, அந்த அடிமைங்களுக்கு எப்ப சுதந்திரம் கொடுத்தாங்க?" அது பரீட்சைக்கு வராது, உட்காருடான்னேன். வகுப்பு சிரிச்சுது. அவனும் சிரிச்சான், அதுதான் எனக்குப் பிடிக்கலை, அந்தச் சிரிப்பு. இப்ப கோயம்புத்தூர்ல ஆஸ்பத்திரி நர்ஸாம். என் பொண்ணு அதே ஆஸ்பத்திரியில லேப்ல. ரத்தம் எடுத்துக் கொடுக்கிறது அவன், சோதிச்சுச் சொல்றது இவ. எடுத்தான், நல்லா எடுத்தான்.

"அப்புறம் என்னாச்சு? அடுத்த பத்தி. உட்காரச் சொன்னேனா உன்னை?" அவ நின்னா. பின்னாடி யாரோ மூக்கை உறிஞ்சுற சத்தம். யாருன்னு பார்த்தேன், நம்ம கிளாஸ் லீடர் பொண்ணு, கண்ணைத் துடைச்சுக்கிட்டு இருக்கு. சளி போல. மூணாவது பெஞ்சுல தருண், அவன் மட்டும் தலையைக் குனியாம என்னையே பார்த்துக்கிட்டு இருக்கான். காசி அண்ணனோட பேரன். காசிநாதன், எங்க பெரியப்பா மகன். பார்த்ததைப் பார்த்தபடி வீட்டுல போய் ஒப்பிக்கிற புள்ளை, கண்ணு அப்படியே தாத்தா கண்ணு, இமையே மூடாது. நேத்து காலையில காசி அண்ணன் எங்க வீட்டுக் கூடத்துல வந்து உட்கார்ந்தாரு. சக்கரை போடாம காபி கேட்டாரு. ஆத்தி ஆத்திக் குடிச்சாரு. டம்ளரைக் கீழ வச்சுட்டு, "வண்டி ரெடியா இருக்கு புஷ்பா. ரெண்டு பேரையும் ஒரே இடத்துல முடிச்சிடலாம். பொண்ணைப் பெத்தவ நீ, ஒரு வார்த்தை சொல்லணும்ல"ன்னாரு. காய்கறி வாங்கணுமான்னு கேக்குற மாதிரி கேட்டாரு. என் வீட்டுக்காரர் கட்டில்ல சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாரு, திரும்பக்கூட இல்லை, ஆம்பளை! அதுக்குள்ள என் வாய் பேசிடுச்சு, வாய் எப்பவும் எனக்கு முன்னாடி பேசிடும். "அவ செத்துட்டா அண்ணா. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிச்சு ஊர் பூரா ஒட்டிடறேன். தலை முழுகிடறேன். செத்தவளை நீங்க போய் என்ன பண்ணப்போறீங்க?" அவரு துண்டை உதறித் தோள்ல போட்டாரு. "சரி. அப்ப செத்தவதான். ஒரு போன், ஒரு பேச்சுவார்த்தைன்னு என் காதுக்கு வந்துச்சு, அப்புறம் என்னைக் கேக்காதே"ன்னுட்டு எழுந்தாரு. செருப்பு போடும்போது "காபி நல்லா இருந்துச்சு"ன்னாரு. ஆக, அவ உசிரோட இருக்கிறது நான் அவளைச் சாகடிச்சதாலதான். யாராவது அந்த நன்றியை நினைப்பாங்களா? நாளைக்கு ஊரே என்னை ராட்சசின்னு சொல்லும், சொல்லிட்டுப் போகட்டும்.

பிரிண்டிங் ரத்தினம் கடைக்கு நானேதான் போனேன், எங்க பள்ளிக்கூடத்துக் கொஸ்டின் பேப்பர் எல்லாம் அவன்தான் அடிப்பான். "ஐயோ டீச்சர், பாப்பாவா, எப்ப, எப்படி"ன்னு எழுந்தே நின்னுட்டான். "சாகலை"ன்னேன். "ஓ"ன்னு மறுபடி உட்கார்ந்தான். "அந்த மாதிரியா? அதுக்குத் தனி டிசைன் இருக்கு டீச்சர்." தனி டிசைனாம்! இது அவனுக்கு முதல் தடவை இல்லையாம். ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழ ஒரு கண்ணுல இருந்து சொட்டு விழுற படம், தோற்றம்னு ஒரு தேதி, மறைவுன்னு ஒரு தேதி. மறைவுக்கு என்ன தேதின்னான். செவ்வாக்கிழமை தேதியைச் சொன்னேன். கண்ணீருடன் தாய் புஷ்பவல்லி, ஆசிரியைன்னு போடட்டுமான்னான். போடுன்னேன். போட்டோ என் போன்ல இருந்து அனுப்பினேன், கோயம்புத்தூர்ல பட்டம் வாங்கின அன்னிக்கு எடுத்தது, வேற எதுலயும் முகம் தெளிவா இல்லை. "சிரிக்கிற படமா இருக்கே டீச்சர்." இருந்துட்டுப் போகட்டும். "தோள்ல ஒரு கை இருக்கு டீச்சர், வளையலோட. எடுத்துடவா?" எடுத்துடுன்னேன். அது என் கை. அன்னிக்கு பக்கத்துல நின்னது நான், போட்டோவுல என்னை வெட்டினதுக்கு அப்புறமும் கை மட்டும் அவ தோள்ல தங்கிடுச்சு. அந்தச் சனியன் பிடிச்ச கையை முதல்ல எடுன்னேன். எங்க எங்க ஒட்டணும்னான். பஸ் ஸ்டாண்டு, பால் சொசைட்டி, காலனி முக்கு, நாலு பேர் பார்க்கிற இடம் எல்லாத்துலயும் ஒட்டுன்னேன். அவன் தலையை ஆட்டினான்.

போன் மினுங்குச்சு. தனவேல். செவ்வந்தி வாசிச்சுக்கிட்டே ஓரக்கண்ணால பார்த்தா, "புஸ்தகத்தைப் பாருடி"ன்னு ஒரு அதட்டு. 'அக்கா, பாப்பாகிட்ட தோட்டைக் கேட்டேன். தானே கழட்டிக் கொடுத்துடுச்சு. செயினும் கொடுத்துடுச்சு. அழலை.' கூடவே ஒரு படம், அவன் உள்ளங்கையில ரெண்டு தோடு. நான் சொல்லித்தான் கேட்டான். எங்க வீட்டுப் பொருள் ஒண்ணு அவ உடம்புல இருக்கக்கூடாதுடா, காதுல இருக்கிறது உள்பட, ஸ்டேஷன்ல வச்சே கழட்டி வாங்குடான்னேன். அவ காது குத்தினது இந்தத் தனவேல் மடியில உட்கார வச்சுதான், தாய்மாமன் மடி, ஆசாரி ஊசியை எடுத்ததும் இவ வீல்னு கத்தினா, இவன் அவளை விட பெருசா அழுதான், எல்லாரும் சிரிச்சோம். அதே மாமன் போய் அதே காதைக் காட்டச் சொல்லிக் கேட்டிருக்கான். என்ன முகத்தோட கேட்டானோ. அழலையாம். அழாம எப்படி இருக்க முடியுது அவளால? ஒரு பொட்டு அழுதா என்ன, குறைஞ்சா போயிடுவ? வெறுங்காதோட இருப்பா இப்ப. குச்சியாவது சொருகிக்கிட்டாளா, இல்லேன்னா ஓட்டை தூந்து போயிடும், சின்னதுல ரெண்டு நாள் கழட்டி வச்சதுக்கே தூந்து போச்சு, மறுபடி குத்தினோம். எனக்கென்ன. தூந்து போகட்டும்.

"சுதந்திர அறிக்கைக்கு முன்னாடி குடியேற்றக்காரங்க கடைசியா இங்கிலாந்து ராஜாவுக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினாங்க. சமாதானமாப் போயிடலாம், நாங்க உங்க புள்ளைங்கதான்னு. ராஜா என்ன பண்ணினாரு?" புஸ்தகத்துல இது இல்லை, நான் எப்பவும் சேர்த்துச் சொல்லுவேன். "வாங்கவே இல்லை. பிரிச்சுக்கூடப் பார்க்கலை." சொல்லிட்டு எனக்கே ஒரு மாதிரி ஆச்சு. காலையில அடுப்பு மேடையில போன் கத்துச்சு, அவ அனுப்பினது, மேல தெரிஞ்ச ரெண்டு வரி மட்டும் கண்ணுல பட்டுது, 'அம்மா நீ மட்டும் வா. நீ வந்தா போதும், ஒண்ணும் பேச வேணாம்'. மிச்சத்தைத் திறக்கலை. திறந்தா ரெண்டு நீலக் கோடு விழும், படிச்சுட்டேன்னு அவளுக்குத் தெரியும். கட்டில்ல கிடந்தவர் மூணு நாளா வாயைத் திறக்காதவர் அப்பத்தான் திறந்தாரு, "போயிட்டுத்தான் வாயேன் புஷ்பா"ன்னாரு. "நீங்க போங்களேன், உங்க சட்டையை இஸ்திரி போட்டுத் தரேன்"னேன். மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பிட்டாரு. பயந்தாங்கொள்ளி. அவரைச் சொல்லி என்ன, நான் மட்டும் போனேனா? நான் போகாததுக்குக் காரணம் வேற. போனா காசி அண்ணன் காதுக்குப் போகும். அதுதான் காரணம். அது மட்டும்தானா காரணம்? ஸ்டேஷன்ல அவன் எனக்கு நாற்காலி எடுத்துப் போடுவான், "உட்காருங்க மிஸ்"ம்பான், அந்தச் சிரிப்போட. அதை என்னால தாங்க முடியாது. ரெண்டுல எது நிசம்னு என்னைக் கேக்காதீங்க, எனக்கு வகுப்பு இருக்கு.

குளிர்காலத்தைச் சொன்னேன். குடியேற்றக்காரங்க பட்டாளத்துக்குச் செருப்பு இல்லை, பனியில வெறுங்காலோட நடந்தாங்க, போன வழி பூரா ரத்தம், பட்டினி, காய்ச்சல், ஆயிரக்கணக்குல செத்தாங்க, ஆனா வீட்டுக்குத் திரும்பிப் போகலை. ஏன் திரும்பிப் போகலை? இத்தனை வருஷத்துல இந்தக் கேள்வியை நான் ஒரு தடவைகூட நிறுத்திக் கேட்டதில்லை. வகுப்பும் சொல்லலை. இந்த அமைதி எனக்கு எரிச்சலா இருக்கு, எப்பவும் கேட்டு வாங்குற அமைதி இன்னிக்கு இனாமா வந்து காதை அடைக்குது. மறுபடி போன். தனவேல்தான். 'எல்லாம் எழுதி வாங்கியாச்சு. இனி எந்த உறவும் இல்லைன்னு நான் உனக்குப் பதிலாக் கையெழுத்துப் போட்டேன். உனக்கு உடம்பு முடியலைன்னு சொன்னேன்ல, அதுக்குத்தான் அழுதுடுச்சுக்கா. தோட்டுக்கு அழலை, இதுக்கு அழுதுடுச்சு. பஸ் ஏறதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒரே ஒரு தடவை பேசணுமாம். போலீஸ்ல நம்பரை மாத்தச் சொல்லிட்டாங்க, சிம்மை ஒடிச்சுப் போட்டுடுவாங்க. இப்ப கூப்பிடும். எடுத்துடு அக்கா. உன் கால்ல விழுறேன்.' படிச்சேன். திரும்பப் படிச்சேன். உடம்பு முடியலைன்னு சொல்லச் சொன்னது நான்தான், ஒரு சாக்கு, யாராவது நம்புவாங்களா இதை? நம்பியிருக்கா. லூசு. தோடு கழட்டும்போது கல்லு மாதிரி நின்னவ இந்தப் பொய்க்கு அழுதிருக்கா. இப்ப கூப்பிடுவா. எடுப்பேன், வராந்தாவுல போய் எடுப்பேன், ஹெச்.எம். போன்னு சொல்லிட்டுப் போவேன், ஒரு நிமிஷம், எனக்கு ஒண்ணும் இல்லைடி நல்லாத்தான் இருக்கேன்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான். தருண் பார்த்துக்கிட்டே இருக்கான். பார்க்கட்டும், ஹெச்.எம். போன்தானே. காதுல வேப்பங்குச்சி சொருகிக்கடின்னு சொல்லணும்.

"யார்க்டவுன். எழுதிக்கங்க. இதோட போர் முடிஞ்சுது. ஆங்கிலேயப் படையைக் கடல் பக்கம் பிரெஞ்சுக் கப்பல், நிலத்துல அமெரிக்கப் படை, நாலாப்பக்கமும் மடக்கிட்டாங்க. தளபதி காரன்வாலிஸ் சரணடைஞ்சாரு. ஆனா தன் வாளை ஒப்படைக்க அவரு வரலை. உடம்பு சரியில்லைன்னு சொல்லித் தனக்குக் கீழ இருந்தவரை அனுப்பிட்டாரு." செவ்வந்தி இன்னும் நின்னுக்கிட்டுத்தான் இருந்தா. புஸ்தகத்தை மூடினா. "மிஸ், நிஜமாவே அவருக்கு உடம்பு சரியில்லையா?" எவ்வளவு மரியாதையாக் கேக்குது பாரு. கன்னத்துல ஒண்ணு விடலாம் போல இருந்துச்சு. "அது பரீட்சைக்கு வராது"ன்னேன். என் வாயில இருந்துதான் வந்துச்சு அது. ஆனா அதுக்கப்புறம் நடந்ததை நான் இந்த வகுப்புல ஒவ்வொரு வருஷமும் சொல்லுவேன், சொல்லும்போது எனக்கு ஒரு திருப்தி வரும். அங்க தோத்த காரன்வாலிஸ்தான் கொஞ்ச வருஷத்துல நம்ம நாட்டுக்கு கவர்னர் ஜெனரலா வந்தாரு, திப்புவோட சண்டை போட்டு ஜெயிச்சாரு, திப்புவோட ரெண்டு சின்னப் பையனுங்களைப் பிணையாப் பிடிச்சுட்டுப் போனாரு. தோத்தவனுக்கு அடிக்க இன்னொரு இடம் எங்கயாவது இருக்கும். எனக்கும் இருக்கு, நாப்பது புள்ளை, அதுல அவன் சித்தப்பா மக ஒண்ணு. வலிக்க வலிக்க நிக்க வைக்கலாம்.

போன் மினுங்குச்சு. கை பாய்ஞ்சுது. அவ இல்லை, ரத்தினம். 'டீச்சர் ஒட்டியாச்சு. முதல்ல உங்க ஸ்கூல் காம்பவுண்டு சுவத்துலதான், கேட்டுக்குப் பக்கத்துல, நாலு பேர் பார்க்கிற இடம்னு சொன்னீங்களே. கையை எடுக்கச் சொன்னீங்க, கடைப் பையன் மறந்துட்டான், மன்னிச்சுக்கங்க.' படத்தைத் தொட்டேன். எங்க பள்ளிக்கூடத்துச் சுவர், மஞ்சள் பெயின்ட், அதுல வரிசையா அஞ்சாறு சுபாஷினி, பட்டம் வாங்கின தொப்பியோட பல்லு தெரியச் சிரிக்கிறா, ஒவ்வொருத்தி தோள்லயும் என் கை. அய்யோ பாவி! இங்கயாடா ஒட்டச் சொன்னேன்? நான் வேலை பார்க்கிற இடத்துலயா? நிமிர்ந்தேன். நாப்பது புள்ளையும் என் முகத்தைப் பார்க்கலை, ஸ்கேல் மேல இருந்த என் கையைப் பார்க்குதுங்க. வளையலைப் பார்க்குதுங்க. இன்டர்வெல்ல கேட்டுக்கு வெளிய ஐஸ் வாங்கப் போயிருக்கும், பார்த்துட்டு வந்திருக்கும். பயம் இல்லை இது. வகுப்பு ஆரம்பிச்சதுல இருந்து எங்கயும் இல்லாத கருணையை எல்லாம் என் மேல கொட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்திருக்குதுங்க, நான் அதைப் பயம்னு நினைச்சுப் பூரிச்சுப் போயிருக்கேன். பொண்ணு செத்த வீட்டுக்காரி பாடம் நடத்த வந்திருக்கான்னு அந்த லீடர் பொண்ணு அழுதிருக்கு.

செவ்வந்தி கையைக் கட்டினா. "மிஸ்." என்னடி. "சுபாஷினி அக்காவுக்காக வகுப்புல எல்லாரும் ஒரு நிமிஷம் எழுந்து நின்னு மௌன அஞ்சலி செலுத்தலாமா மிஸ்?" அவளுக்குத் தெரியும். இந்த அறையில எனக்கும் அவளுக்கும்தான் உறுதியாத் தெரியும், அவ அந்தக் கல்யாணத்துல மாலை எடுத்துக் கொடுத்திருப்பா, சாப்பிட்டிருப்பா, என் பொண்ணைத் தொட்டுப் பேசியிருப்பா. தெரிஞ்சேதான் கேக்குறா. கண்ணுல ஒரு அசைவு இல்லை, நான் சொல்லிக்கொடுத்த மரியாதை, நான் நிக்க வச்ச நிலை, அதே நிலையில நின்னு கேக்குறா. நாப்பது முகமும் என்னைப் பார்த்து ஏங்குதுங்க. தருண் பார்க்குறான். வேணாம்னு சொன்னா ஏன் வேணாம்? செத்துட்டான்னு ஒட்டினவ நான், கண்ணீருடன் தாய்னு பேர் போட்டுக்கிட்டவ நான். "ம்"னேன். பெஞ்சு எல்லாம் கிரீச்சுன்னு நகர்ந்துச்சு. எழுந்து நின்னு கண்ணை மூடுச்சுங்க. நானும் மேசையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ஜன்னலுக்கு வெளிய பி.டி. சார் விசில் அடிக்கிறது கேட்டுது. பக்கத்து வகுப்புல வாய்ப்பாடு சொல்லுதுங்க.

அப்ப அடிச்சுது. சத்தம் அணைச்சுதான் வச்சிருந்தேன், ஆனா மரமேசை, உறுமிக்கிட்டே நகருது. பாப்பான்னு பேரு, மேல அதே படம், தொப்பி, சிரிப்பு, தோள்ல என் கை. எடு. எடுடி புஷ்பா. வராந்தாவுக்கு ஓடு. மகளுக்கு மௌன அஞ்சலி நடக்கும்போது எந்தத் தாய் ஹெச்.எம். போனை எடுத்துக்கிட்டு ஓடுவா? தருண் கண்ணை மூடலை. எல்லாரும் மூடியிருக்கு, அவன் மூடலை, தாத்தா கண்ணு, என்னையும் பார்க்குது போனையும் பார்க்குது, அந்தத் தூரத்துல இருந்து பேர் தெரியுமா, தெரியாது, தெரியுமோ. போன் மேசை விளிம்பு வரைக்கும் வந்துடுச்சு. அவ பஸ் ஸ்டாண்டுல நிப்பா, வெறுங்காதுல போனை வச்சுக்கிட்டு, அம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு. எனக்கு ஒண்ணும் ஆகலை பாப்பா. நான் நல்லாத்தான் இருக்கேன் என் தங்கம். இந்தக் கை இருக்கே, இது ரெண்டு அங்குலம் நகர்ந்தா போதும், நகரலை, ஸ்கேலைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. முதல் பெஞ்சுல செவ்வந்தி கண்ணைத் திறந்தா. மேசையைப் பார்த்தா. இத்தனை நாள்ல முதல் தடவையா அவ முகம் கலைஞ்சுது, சின்னப் புள்ளை முகம். எனக்கு மட்டும் கேக்குற மாதிரி மெதுவாச் சொன்னா. "எடுங்க மிஸ். அண்ணி கூப்பிடுறாங்க."

போன் நின்னுடுச்சு. வெளிச்சம் அணைஞ்சு, கறுப்புக் கண்ணாடியில மேல சுத்துற ஃபேன் மட்டும் தெரிஞ்சுது. யாரோ ஒரு பையன் முடிஞ்சுடுச்சுன்னு நினைச்சுக்கிட்டு உட்காரப் போனான்.

"யாருடா உட்காரச் சொன்னது? இன்னும் ஒரு நிமிஷம் ஆகலை. நில்லுங்க எல்லாரும்."